கோதன்பர்க் நகர நீதிமன்றம்: முகப்பைப் பார்த்துச் சண்டை போட்டார்கள், கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை

வடகரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. இந்தப் பிரிவில் நூலகம், ரயில் நிலையம், அருங்காட்சியகம் என்று நிறையப் பேசிவிட்டோம். நீதிமன்றம் பக்கம் யாரும் போகவில்லை. நான் ஒன்றை எடுத்து வைக்கிறேன்: ஸ்வீடனில் கோதன்பர்க் நகரின் பழைய நகர்மன்றத்தோடு ஒட்டி ஸ்வீடன் கட்டடக் கலைஞர் குன்னார் அஸ்ப்லுண்ட் கட்டிய நீதிமன்றப் பகுதி.

கதை நீளமானது. குஸ்தாவ் அடோல்ஃப் சதுக்கத்தில் நிற்கும் பழைய கட்டடம் 1672-ல் முடிந்தது. அதை வடிவமைத்தவர் மூத்த நிக்கோதெமுஸ் தெஸ்ஸின். 20-ம் நூற்றாண்டு தொடங்கியபோது இடம் போதவில்லை. விரிவாக்கத்துக்குப் போட்டி வைத்தார்கள். 1913-ல் அதை வென்ற அஸ்ப்லுண்டுக்கு அப்போது 28 வயதுகூட ஆகவில்லை. கட்டடம் முடிந்து திறந்தபோது அவருக்கு 51. நடுவில் 24 வருடம்.

அந்த 24 வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்டாக்ஹோம் பொது நூலகத்தைக் கட்டினார் (1928). 1930 ஸ்டாக்ஹோம் கண்காட்சிக்குத் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து, ஸ்வீடனுக்குள் நவீனத்துவம் நுழையக் கதவைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் கோதன்பர்க் வரைபடமும் கூடவே மாறிக்கொண்டு வந்தது. முதல் திட்டம் பழைய கட்டடத்தின் முகத்தையே மாற்றிவிடும் தேசிய ரொமாண்டிக் பாணி, அதாவது சொந்த நாட்டின் பழைய கட்டட மரபைப் போற்றும் பாணி. அப்புறம் செவ்வியல் பாணி. கடைசியில் கட்டியது நவீனம். ஒரே மனிதர், ஒரே மனை, மூன்று காலங்கள். இந்த அளவுக்கு ஒரு கலைஞரின் மனமாற்றம் முழுவதும் ஒரே வேலையில் பதிவான இன்னொரு கட்டடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் நான் இழை தொடங்கியது அதற்காக இல்லை. உள்ளே இருக்கும் கூடத்துக்காக. பழைய கட்டடத்தின் வாசல் வழியாக நுழைந்து, நடுமுற்றத்தைத் தாண்டினால், முற்றத்தின் முழு நீளத்துக்கும் கண்ணாடிச் சுவர். அதற்குள் மூன்று மாடி உயரக் கூடம். மேலே கூரையில் தெற்குப் பக்கமாகத் திறந்த வெளிச்சம். சுற்றிலும் வெளிறிய தேன் நிற மரம். நீதிமன்ற அறைகளின் சுவர்கள் மூலையில்லாமல் வளைந்து கூடத்துக்குள் வருகின்றன. ஒரு பக்கம் நீளமான, மிகத் தாழ்ந்த படிகள் கொண்ட படிக்கட்டு. அதில் யாராலும் ஓடி ஏற முடியாது. கால் தானாக மெதுவாகிவிடும்.

நீதிமன்றத்துக்கு வருகிறவர் தன் வழக்கு நடக்கும் அறைக்குள் இருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் வெளியே காத்திருப்பார். அஸ்ப்லுண்ட் தன் கட்டடக்கலை முழுவதையும் அந்தக் காத்திருப்புக்குத்தான் செலவழித்தார் என்பது என் கட்சி. ஒரு நகர நீதிமன்றத்தை எடைபோட வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது அங்கே காத்திருக்கும் இடத்தை. முகப்பு, தூண், கோபுரம் எல்லாம் அப்புறம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

நீலமுகில்

அருமை அண்ணா. ஒரு அடிப்படைச் சந்தேகம். நகர்மன்றம் என்கிறீர்கள், நீதிமன்றம் என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒரே கட்டடம்? நகராட்சி அலுவலகத்தில் நீதிபதிக்கு என்ன வேலை?

---

வடகரை

நல்ல கேள்வி நீலமுகில். ஸ்வீடனில் நகரங்களுக்கென்று தனி நீதிமன்றம் இருந்தது. கிராமப்புற வட்டங்களுக்கு வேறு நீதிமன்றம். நகரத்து நீதிமன்றம் 'ரோத்ஹுஸ்ரெத்'. பெயரிலேயே 'ரோத்ஹுஸ்', அதாவது நகர்மன்றக் கட்டடம் இருக்கிறது. பழைய காலத்தில் நகரத்தின் பொர்க்மெஸ்தாரும் (நகரத் தலைவர்) அவருடைய ஆலோசகர்களும்தான் நிர்வாகத்தையும் பார்த்தார்கள், வழக்கையும் கேட்டார்கள். நிர்வாகமும் நீதியும் பிற்பாடு பிரிந்தாலும் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1971-ல்தான் நகரம், கிராமம் என்ற பிரிவையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வகை மாவட்ட நீதிமன்றமாக்கினார்கள்.

அதனால்தான் அஸ்ப்லுண்டின் கட்டடம் சதுக்கத்தில், எல்லாரும் கடந்துபோகும் இடத்தில் நிற்கிறது. ஊருக்கு வெளியே வேலி போட்ட வளாகமாக இல்லை.

---

கருங்கல்

வடகரை சார், உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் நான் மறுத்துத்தான் பேசப் போகிறேன்.

முகப்பின் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் தெஸ்ஸினின் கட்டடம்: நடுவில் வாசல், இரு பக்கமும் சமச்சீர், சுவரோடு ஒட்டிய தூண்கள். பார்த்தவுடன் 'இங்கே ஒரு அதிகாரம் இருக்கிறது' என்று தெரிகிறது. வலது பக்கம் அஸ்ப்லுண்ட்: கட்டம் கட்டமாகச் சட்டகம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஜன்னல் ஒரு ஓரமாகத் தள்ளி நிற்கிறது. வாசலே கிடையாது. ஏதோ அலுவலகத்தின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது.

1936-ல் முகப்பு வெளியே தெரிந்ததும் ஊரே கொதித்தது, பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. மக்கள் அறியாமையால் கத்தினார்கள் என்று கட்டடக்கலைப் புத்தகங்கள் ஒதுக்கிவிடுகின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. நீதிமன்றம் தன்னை நீதிமன்றமாகக் காட்ட வேண்டும். பலம் உள்ளவனும் அங்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவனுக்குச் சுவரைப் பார்த்தே ஒரு தயக்கம் வர வேண்டும். கம்பீரம் என்பது எளியவரை மிரட்டுவதற்கு மட்டும் இல்லை, வலியவனை அடக்கவும்தான்.

---

கோட்டுச்சட்டம்

கருங்கல், கடைசி இரண்டு வரிக்கு என் மரியாதை. அதை அப்புறம் பேசுவோம். முதலில் அந்த ஜன்னல்.

கட்டடக்கலை மாணவர்களுக்கு இந்த முகப்பைப் பாடமாகவே வைக்கலாம். பழைய கட்டடத்தோடு ஒட்டிப் புதிது கட்டும்போது பொதுவாக இரண்டு வழிதான் யோசிப்போம். ஒன்று, அப்படியே நகலெடுப்பது. இல்லையென்றால் கண்ணாடியும் இரும்புமாக முழுக்க வேறாக நிற்பது. அஸ்ப்லுண்ட் இரண்டையும் செய்யவில்லை. தெஸ்ஸினின் தூண்கள் போடும் தாளம் இருக்கிறதல்லவா, அதே தாளத்தில் தன் சட்டகத்தின் செங்குத்துக் கோடுகளை வைத்தார். பூச்சின் நிறம் பழைய கட்டடத்தோடு இணங்கிப் போகிறது. உயரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதனால் தள்ளி நின்று பார்த்தால் சதுக்கத்தின் சுவர் அறுபடாமல் ஓடுகிறது.

இப்போது ஜன்னல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் வைத்திருந்தால் புதுப் பகுதி தன்னளவில் முழுமையான தனிக் கட்டடமாகிவிடும். பக்கத்தில் நிற்கும் பழையதோடு போட்டி போடும். அதனால் எல்லா ஜன்னலையும் பழைய கட்டடத்தின் பக்கமாக நகர்த்திவிட்டார். மொத்த முகப்பும் மூத்தவரின் பக்கம் லேசாகத் திரும்பி நிற்கிறது. வாசல் இல்லாததும் இதே காரணத்துக்காகத்தான். வாசல் பழைய கட்டடத்துடையது. அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது புதுப் பகுதி.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த ஜன்னல் ஏற்பாடு முதலிலேயே முடிவானதில்லை. முப்பதுகளின் நடுவில் வேலை ஓடிக்கொண்டிருந்தபோதுகூட அவர் முகப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். முந்தைய வரைபடங்களில் ஜன்னல்கள் இன்னும் ஒழுங்காக, செவ்வியல் சாயலில் இருக்கும். கடைசி நேரத்தில்தான் இந்தத் துணிச்சல் வந்தது. சிற்பி எரிக் க்ராத்தேயின் 'நான்கு காற்றுகள்' என்ற புடைப்புச் சிற்பங்களும் முகப்பில் உண்டு. சின்னவைதான், ஆனால் வெறும் சட்டகமாக இருந்த சுவரில் ஒரு மனிதக் கை பட்டது தெரிகிறது.

உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பின்பக்கம் மாதிரி என்று மட்டும் சொல்லாதீர்கள். 24 வருடம் யோசித்த முன்பக்கம் அது.

---

கருங்கல்

> வாசல் பழைய கட்டடத்துடையது. அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது புதுப் பகுதி.

இது நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடக்கம் என்பது கட்டடக் கலைஞர்களுக்கு நடுவில் பேசிக்கொள்ளும் குணம். முதல் தடவை சம்மன் வாங்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வருகிறவருக்கு ஜன்னல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதா கண்ணில் படும்?

---

வழக்காடி

நான் வக்கீல். கட்டடக்கலை தெரியாது. இழையை மூச்சு விடாமல் படித்தேன். நீங்கள் எல்லாரும் வெளியிலிருந்து பேசுகிறீர்கள், நான் உள்ளேயிருந்து சொல்கிறேன்.

வடகரை சார் சொல்லும் காத்திருப்பு நூற்றுக்கு நூறு உண்மை. வாய்தாவுக்கு வரும் கட்சிக்காரர் காலையில் வந்து நிற்பார். பெயர் கூப்பிடும் குரல் காதில் விழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிக்கக்கூட நகரமாட்டார். உள்ளே போனால் ஐந்து நிமிடம். நீதிமன்றம் என்று அவர் நினைவில் தங்குவது அந்த வெளித் தாழ்வாரம்தான். அதனால் கூடத்துக்கு இவ்வளவு அக்கறை எடுத்த ஒருவரை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு பயம் வந்தது. ஒரே கூடம். எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். குற்றம் சாட்டப்பட்டவரும், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த பெண்ணும், இரு தரப்புச் சொந்தக்காரர்களும் ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களா? சாட்சியைக் கலைக்க மிரட்டல் கடிதமெல்லாம் தேவையில்லை. எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். கூண்டில் ஏறியதும் வாய் வராது. குடும்ப வழக்கிலும் இதேதான்.

இன்னொன்று. கடைசி நிமிடத்தில் கட்சிக்காரரிடம் ரகசியமாகப் பேச வேண்டியிருக்கும். 'இந்தக் கேள்வி கேட்டால் இப்படிச் சொல்லிவிடாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்' என்று நிதானப்படுத்த வேண்டும். சமரசத்துக்கு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தொகை சொல்லியிருப்பார், அதைக் காதோடு சொல்ல வேண்டும். உயரமான கூடத்தில் குரல் எதிரொலிக்காதா? அங்கே நின்று நான் என்ன பேச முடியும்?

அமைதிப்படுத்தும் கட்டடம் என்கிறீர்கள். யாரை அமைதிப்படுத்தும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

---

நீலமுகில்

அக்கா, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

---

மரச்சீவல்

எதிரொலி பற்றிக் கேட்டிருக்கிறார் வழக்காடி மேடம். மர வேலை என் தொழில், அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் சுவருக்கு உடுத்தியிருப்பது பெரும்பாலும் ஒரிகன் பைன் பிளைவுட். மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, ஒரு தாளின் ரேகை இப்படி, அடுத்ததன் ரேகை குறுக்கே என்று மாற்றி மாற்றி ஒட்டுவது பிளைவுட். மெல்லிய பலகையை ஒரு திசையில் அழகாக வளைக்கலாம். இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைக்க முடியாது, மடங்கிவிடும். அந்த நீதிமன்ற அறைச் சுவர்களைப் பாருங்கள்: மேலிருந்து கீழே நேர், பக்கவாட்டில் மட்டும் வளைவு. பலகை எதற்கு இணங்குமோ அதைத்தான் கேட்டிருக்கிறார் மனுஷன். மூட்டுக் கோடுகளையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு பலகையும் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. நல்ல தச்சனுக்கு இதைப் பார்த்தாலே சந்தோஷம்.

சத்தத்துக்கு வருகிறேன். கல்லும் கண்ணாடியும் குரலைத் திருப்பி அடிக்கும். பின்னால் காற்று இடைவெளி விட்டு மெல்லிய பலகை அடித்தால் அது லேசாக அதிர்ந்து தாழ்ந்த ஒலிகளை விழுங்கிக்கொள்ளும். கூட்டத்தின் 'ஹோ' என்ற இரைச்சல் குறையும். வளைவின் வெளிப்பக்கம் கூடத்தைப் பார்த்து இருப்பதால் ஒலி ஒரே இடத்துக்குத் திரும்பாமல் சிதறும். இது நல்லது. அறைக்குள்ளே இதே வளைவு குழிவாக இருக்கும், ஒலியைக் குவிக்கும். அங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் மேடம் சொல்லும் ரகசியப் பேச்சு வேறு விஷயம். இரைச்சல் குறைந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் குரல் இன்னும் தெளிவாகக் கேட்கும். அதற்கு மரம் தீர்வு இல்லை. கதவுள்ள சின்ன அறைதான் தீர்வு.

---

வடகரை

வழக்காடி மேடம், உங்கள் பதிவை இரண்டு மூன்று முறை படித்தேன். நேராகச் சொல்கிறேன்: ஒரே கூடம் என்ற அமைப்பில் அந்தக் குறை இருக்கிறது. அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. முப்பதுகளில் சாட்சியின் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டவரின் தனிமை என்று தனியாக இடம் ஒதுக்கிக் கட்டும் வழக்கம் வரவில்லை. இன்று கட்டும் நீதிமன்றத்தில் அது இல்லாமல் முடியாது.

ஆனாலும் அவர் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். வீட்டுப் படி ஒன்று சாதாரணமாக 15 முதல் 17 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அந்தக் கூடத்துப் படிகள் அதைவிடத் தெளிவாகத் தாழ்வு, மிதிக்கும் இடமோ அகலம். ஏறும்போது மூச்சு வாங்காது. பயந்து வருகிறவருக்கு ஏற்கெனவே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். மேலே போய் நிற்கும்போது இன்னும் படபடப்பு கூடக் கூடாது என்று படியின் உயரத்தில் யோசித்திருக்கிறார். குடிநீர் ஊற்றையும் கடிகாரத்தையும் விளக்கையும் அவரே வடிவமைத்தார். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த லிஃப்ட், ஏறுகிறவர் கூடத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். நாற்காலிகளையும் அவரே வரைந்தார், அந்த வடிவங்களை இன்றும் ஒரு இத்தாலிய நிறுவனம் தயாரித்து விற்கிறது.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். கோதன்பர்க்கில் டிசம்பரில் பகல் என்பதே ஆறரை மணி நேரம் அளவுக்குத்தான். சூரியன் அடிவானத்தை ஒட்டியே போகும். அப்படிப்பட்ட ஊரில் தெற்கே முற்றத்தைப் பார்த்து முழுக் கண்ணாடிச் சுவர், கூரையில் தெற்கு வெளிச்சம். கிடைக்கும் கொஞ்ச வெயிலும் அன்று ஊரிலேயே மிகவும் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் மேல் விழ வேண்டும் என்று ஒருவர் திட்டம் போட்டிருக்கிறார். இதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

இதே மனிதர் சின்ன ஊர் ஒன்றுக்குக் கட்டிய நீதிமன்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று தெரியும். தெற்கு ஸ்வீடனில் சோல்வெஸ்பொர்க். லிஸ்தெர் வட்டத்துக்கான நீதிமன்றம், 1921-ல் முடிந்தது. ரயில் நிலையத்திலிருந்து நேராக வரும் தெருவின் முடிவில் நிற்கிறது. அகலமான முக்கோண முகடு, நடுவில் ஆழமான வளைவு வாசல். பூச்சுப் பூசிய வெறும் சுவர்தான், அலங்காரம் குறைவு. ரயிலை விட்டு இறங்கினால் தெரு முழுக்க அதுதான் கண்ணில் நிற்கும். கருங்கல் கேட்கும் கம்பீரம் அங்கே உண்டு. உள்ளே போனால் நீதிமன்ற அறை முழு வட்டம். பின்பக்கச் சுவரில் அந்த வட்டம் வெளியே புடைத்துத் தெரியும்.

சோல்வெஸ்பொர்க்கில் கட்டடத்தின் நடுவில் நீதிபதி அமரும் அறை. கோதன்பர்க்கில் கட்டடத்தின் நடுவில் மக்கள் காத்திருக்கும் கூடம். நீதிமன்ற அறைகள் ஓரத்துக்குப் போய்விட்டன. பதினாறு வருடத்தில் நடந்த இந்த இடமாற்றம்தான் எனக்கு முக்கியம்.

---

மரச்சீவல்

முழு வட்ட அறையா? அங்கே சத்தம் குவிவதைச் சமாளிப்பது பெரிய வேலையாக இருந்திருக்கும். வட்டச் சுவரில் ஒரு பக்கம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கம் கேட்க வாய்ப்பு உண்டு. நீதிபதி பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கலந்து பேச முடியாது.

---

கருங்கல்

சோல்வெஸ்பொர்க் படம் தேடிப் பார்த்தேன். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இவ்வளவு சின்ன ஊரில், இவ்வளவு குறைந்த பொருளில், ஒரு வளைவும் ஒரு முகடும் வைத்துக்கொண்டு கம்பீரத்தைக் கொண்டுவந்திருக்கிறார். அதே கையிலிருந்து பின்னால் இந்த முகப்பு வந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

கம்பீரமான நவீன நீதிமன்றம் முடியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சண்டிகர் உயர் நீதிமன்றத்தை முன்வைக்கிறேன். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்தது. 1955-ல் திறந்தது. ஒட்டுமொத்தக் கட்டடத்துக்கும் மேலே குடை மாதிரி இன்னொரு கூரை, நுழைவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பெரும் தூண்சுவர்கள். அதற்குக் கீழே நிற்கும் எவனுக்கும் தான் எவ்வளவு சின்னவன் என்று தெரியும். கான்கிரீட்டிலும் அதிகாரத்தைச் சொல்லலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 2016-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

---

கோட்டுச்சட்டம்

சண்டிகர் எனக்கும் பிடிக்கும் கருங்கல். ஆனால் இந்த இழையின் கேள்வியை அங்கே கொண்டுபோனால் உங்கள் சாட்சி வடகரை பக்கம் பேச ஆரம்பித்துவிடும்.

அங்கே ஒன்பது நீதிமன்ற அறைகள் வரிசையாக வெளியே பார்த்து இருக்கின்றன. தலைமை நீதிபதிக்குப் பெரியது, மற்ற எட்டும் சிறியவை. கான்கிரீட் அறைக்குள் குரல் எதிரொலிக்கும் என்பதால் சுவரை மூடப் பெரிய நெசவுத் திரைகளை லெ கொர்பூசியே வரைந்து கொடுத்தார். காஷ்மீரில் நெய்தார்கள். பெரியது 144 சதுர மீட்டர், மற்றவை 64 சதுர மீட்டர் வீதம். அருமையான யோசனை. நீதிபதிகள் சிலருக்கு அவை பிடிக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. அது ரசனை, விடுங்கள்.

ஆனால் அறைக்கு வெளியே? நடப்பவர்களும் நிற்பவர்களும் வெயிலிலும் மழையிலும் நனைந்து காய்ந்தார்கள் என்பதால் பின்னாளில் முன்பக்கம் தாழ்வாரம் சேர்க்க வேண்டி வந்தது. உச்சியில் அவ்வளவு பெரிய குடை, கீழே காத்திருக்கிறவர் தலைக்கு நிழல் போதவில்லை. கம்பீரத்தை முதலில் வரைந்து, மனிதரை அப்புறம் சேர்த்தால் இப்படித்தான் ஆகும்.

வழக்காடி மேடம் எழுப்பியதற்கும் வருகிறேன். இன்று நீதிமன்றத் திட்டம் வரையும்போது முதல் பாடமே மூன்று பாதைகள். நீதிபதிக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று, காவலில் இருப்பவருக்கு ஒன்று. மூன்றும் நீதிமன்ற அறைக்குள் மட்டும்தான் சந்திக்க வேண்டும், வழியில் எங்கும் குறுக்கிடக் கூடாது. இதனால் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் அதே காரணத்தால் கட்டடத்தின் பெரும் பங்கு ஜன்னல் இல்லாத நடைவழிகளாகப் போய்விடுகிறது. மிச்சமிருப்பதில் பொதுமக்களுக்குக் கிடைப்பது வரிசை நாற்காலி போட்ட ஒரு இடுக்கு.

இரண்டையும் இணைக்கப் பார்த்த ஒன்று பிரான்சில் போர்தோ. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸின் அலுவலகம் வடிவமைத்த நீதிமன்றம், 1998. செடார் மரம் போர்த்திய ஏழு நீதிமன்ற அறைகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஏழு பெரிய கூடுகளாக நிற்கின்றன. தெருவில் போகிறவருக்கே தெரியும். கோதன்பர்க்கின் வளைந்த மரச் சுவர்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் உறவு புரியும்.

---

நீலமுகில்

கோதன்பர்க் கூடத்தில் இப்போதும் வழக்கு நடக்கிறதா? பாதுகாப்புச் சோதனை, எக்ஸ்ரே எல்லாம் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் எப்படி வைத்தார்கள்?

---

வடகரை

இல்லை தம்பி. நீதிமன்றம் அங்கிருந்து போய்விட்டது, ஊரில் வேறு புது வளாகம். பழைய கட்டடத்தைப் புதுப்பித்து நகராட்சியே வைத்துக்கொண்டது. வழக்காடி மேடம் சொன்ன தேவைகளும் கோட்டுச்சட்டம் சொன்ன மூன்று பாதைகளும் அந்தக் கூடத்துக்குள் அடங்காது. கட்டடம் பிழைத்தது, வேலைதான் மாறியது. மற்றொரு பக்கம், நியூயார்க் மாநிலத்தில் கோஷன் என்ற சின்ன ஊரில் பால் ருடால்ஃப் கட்டிய மாவட்ட அரசு மையம் இருந்தது, நீதிமன்றமும் அதற்குள்தான். பெட்டி பெட்டியாக அடுக்கிய கான்கிரீட், எண்பதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கூரைகள், அதனால் ஓயாத ஒழுகல். 2011 புயல் வெள்ளத்துக்குப் பிறகு மூடிவிட்டார்கள். வருடக்கணக்கில் வாதம் நடந்தும் 2015-ல் ஒரு பகுதியை இடித்தார்கள். கூரை ஒழுகும் கட்டடத்துக்காக வாதாட ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

---

வழக்காடி

எல்லாப் பதிலுக்கும் நன்றி. மரச்சீவல் சார் சொன்ன 'கதவுள்ள சின்ன அறை' என் மனதுக்கு மிக நெருக்கமாக இருந்தது.

கருங்கல் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலியவனை அடக்கும் கம்பீரம் என்றீர்கள். என் அனுபவத்தில் வலியவன் தூணைப் பார்த்துத் தயங்குவதில்லை. அவனோடு நாலு பேர் வருவார்கள், வக்கீல் முன்னால் நடப்பார், உட்கார இடமும் எப்படியோ கிடைத்துவிடும். தூணைப் பார்த்துத் தயங்குவது தனியாக வந்து, எந்த அறை என்று கேட்கவே கூச்சப்பட்டு நிற்கும் பெண்மணிதான். கம்பீரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீதிபதியின் மேடையில் இருக்கட்டும். வாசலிலிருந்து அந்த மேடைவரை போகும் வழி எளிதாக இருக்கட்டும்.

வடகரை சார், அந்தக் கூடத்தை நான் திருத்திக்கொள்ள அனுமதி கிடைத்தால் ஒன்றே ஒன்று செய்வேன். கண்ணாடிச் சுவர், மரம், தாழ்ந்த படி எதையும் தொடமாட்டேன். ஓரத்தில் அதே மரத்தில், அதே தெற்கு வெளிச்சம் வரும்படி, சாட்சிகளுக்குக் கதவு போட்ட இரண்டு அறைகள். பாதுகாப்பு அறை என்று இருட்டறையைக் கொடுத்துவிடுகிறார்கள், பயந்தவரை இன்னும் பயமுறுத்துகிறது. தனிமையும் வேண்டும், வெயிலும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வரைய முடியுமா கோட்டுச்சட்டம்?

---

கோட்டுச்சட்டம்

முடியும் மேடம். கூடத்தை நோக்கி மூடிய சுவர், முற்றத்தை நோக்கித் திறந்த ஜன்னல். கூடத்தில் இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது, உள்ளே இருப்பவருக்கு மரமும் வானமும் தெரியும். அந்த அறையிலிருந்து நீதிமன்ற அறைக்கு நேராக ஒரு கதவும் வேண்டும், இல்லையென்றால் கூப்பிடும்போது மறுபடியும் கூடத்தைக் கடக்க வேண்டியிருக்கும். இந்த வாரம் ஒரு கோட்டுப் படம் போட்டு இதே இழையில் ஏற்றுகிறேன். கருங்கல், முகப்பை நீங்கள் வரையுங்கள்.

---

கருங்கல்

வரைகிறேன். வாசல் வைப்பேன்.